கலங்கரை விளக்கம்: மாமல்லபுரத்து மலைமேல் எரிந்தது எண்ணெயா, கொள்ளியா?

வாசகர் ஒருவர் எழுதியது, 28 நவம்பர் 2023, காலை

மாமல்லபுரம் மலைமேல் இருக்கும் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில்தான் பெரும்பாணாற்றுப்படையில் வரும் கலங்கரை விளக்கம். அலெக்சாந்திரியாவில் இருந்ததைவிடப் பழையது, உலகிலேயே முதலாவது. அதன் உச்சியில்தான் பல்லவர்கள் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். இதை ஏன் பாடப்புத்தகத்தில் போடுவதில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

28 நவம்பர் 2023, இரவு (என் பதில்)

திருவண்ணாமலைக் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருக்கிற நாளில் இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் இதற்குள் மூன்று கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பாட்டு சங்க காலத்தது. கோயில் ராஜசிம்ம பல்லவன் காலத்தது, அதாவது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நடுவில் குறைந்தது 400 ஆண்டு இடைவெளி. பாட்டில் வரும் கட்டடம் இந்தக் கோயிலாக இருக்க வழியே இல்லை. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த பாரோஸ் கலங்கரை விளக்கம் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுந்தது, அது இரண்டையும்விட மூத்தது.

"உலகிலேயே முதல்" என்பதை விட்டுவிடுவோம். அது இல்லாமலே நம்மிடம் இருப்பது பெரிய செல்வம். நாளைக்கு அந்த அடிகளை எடுத்து எழுதுகிறேன்.

29 நவம்பர், இரவு

பெரும்பாணாற்றுப்படை, 346ஆம் அடியிலிருந்து:

வானம் ஊன்றிய மதலை போல
ஏணி சாத்திய ஏற்றருஞ் சென்னி
விண்பொர நிவந்த வேயா மாடத்து
இரவின் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி
உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும்
துறை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் வாங்கப் போகும் பாணனுக்குச் சொல்லும் வழி இது. வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூண்போல ஒரு மாடம். அதன் உச்சி ஏறுவதற்கு அரியது, ஏணி சாத்தியிருக்கிறது. இரவில் அங்கே கொளுத்திய கொள்ளி, கடலில் ஓடும் கலங்களை அழைக்கும்.

கல்லூரியில் படித்த நாளில் "வானம் ஊன்றிய மதலை"யோடு நின்றுவிட்டேன். அது கண்ணைக் கவரும் உவமை. இப்போது படிக்கும்போது அடுத்த அடிதான் பிடித்து நிறுத்துகிறது. ஏணி சாத்திய ஏற்றருஞ் சென்னி. உள்ளே வசதியாகப் படிக்கட்டு இல்லை, வெளியே ஏணி. அப்படியானால் தினமும் பொழுது சாயும்போது யாரோ ஒருவர் தோளில் விறகைச் சுமந்துகொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து மேலே போயிருக்கிறார். கடற்கரைக் காற்றில் ஏணி ஆடும். புலவர் அந்த ஏணியை விடாமல் சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

இன்னொன்று, பாணன் கடலில் வரவில்லை. தரைவழியே நடந்து, இந்தத் துறையைப் பின்னால் விட்டுவிட்டுக் காஞ்சிப் பக்கம் போகிறான். மாடத்தை நாம் கரையில் நடப்பவனின் கண்ணால்தான் பார்க்கிறோம்.

30 நவம்பர், காலை

"கலங்கரை என்றால் கலம் வந்து சேரும் கரை" என்று ஒருவர் தனிமடல் அனுப்பியிருக்கிறார். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இங்கே கரை வினைச்சொல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்று குறளில் வருவதும் அதுவே. கரைதல் என்றால் அழைத்தல். கலம் கரை விளக்கம் வினைத்தொகை, கலங்களை அழைக்கும் விளக்கம். சிலப்பதிகாரத்தின் பழைய உரையும் கலத்தை அழைக்கிற விளக்கு என்றே பொருள் சொல்கிறது. மேலே உள்ள பாட்டில் "ஓடுகலம் கரையும்" என்று தொகை விரிந்தே கிடக்கிறது.

இது தெரிந்த நாளிலிருந்து மெரினாப் பக்கம் போகும்போதெல்லாம் "கலங்கரை விளக்கம்" பலகையைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. லைட் ஹவுஸ் என்பதும், யாழ்ப்பாணத்தார் சொல்லும் வெளிச்சவீடு என்பதும் கட்டடத்துக்கு வைத்த பெயர்கள். நம்முடையது அது செய்யும் வேலைக்கு வைத்த பெயர். நெருப்பு கூப்பிடுகிறது.

30 நவம்பர், மாலை

"ஞெகிழி என்றால் பிளாஸ்டிக் அல்லவா?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி தம்பி. இன்று பிளாஸ்டிக்குக்குச் சொல்வது நெகிழி, நெகிழ்தல் என்பதிலிருந்து வந்தது. பாட்டில் இருப்பது ஞெகிழி, ஞகரம். தீக்கொள்ளி, எரியும் கட்டை. கடலோரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் காலத்தில் இருக்கிறோம் என்பது மனதை வருத்துகிறது, அது வேறு இழைக்கான பேச்சு.

2 டிசம்பர்

ஒரு திருத்தம். 29ஆம் தேதி எழுதும்போது "வேயா மாடம்" என்பதைக் கூரையே இல்லாத திறந்த மாடம் என்று மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். உரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கற்றையால் வேயாமல் சாந்து வாரிய மாடம் என்பது பொருள். யோசித்தால் அதுதான் சரி. கீற்றோ வைக்கோலோ போட்ட கூரைமேல் யார் கொள்ளி வைப்பார்கள்? அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகள் வேய்ந்தவை. நெருப்புக்காகவே சாந்து பூசிய தளத்தோடு எழுப்பிய கட்டடம் என்பதால்தான் அந்த ஒரு சொல்லைப் புலவர் அங்கே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஊர். பாட்டில் துறையின் பெயர் நீர்ப்பெயற்று. பால்நிறக் குதிரைகளோடு வடநாட்டுச் சரக்கு கொண்டுவந்த நாவாய்கள் சூழ்ந்த துறை. இது மாமல்லபுரம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஆனால் தெற்கே பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் இருக்கிறது. அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடி ஓடுகளும் உறைகிணறுகளும் கிடைத்தன. இந்தக் கரையில் துறை ஒன்று மட்டும் இருக்கவில்லை. "மாமல்லபுரமேதான்" என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இல்லை. இந்தக் கரைதான் என்று சொல்லத் தயார்.

9 டிசம்பர்

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் 4ஆம் தேதி மின்சாரம் போனது, நான்காம் நாள்தான் வந்தது. எல்லாரும் நலம். ஆனால் அந்த இருட்டில் நடந்த ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அது இந்த இழையின் விஷயமேதான்.

முதலில் அந்தக் கோயிலின் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒலக்கண்ணேஸ்வரர் என்பதை உழக்கெண்ணெய் ஈஸ்வரர் என்று சொல்கிறவர்கள் உண்டு. தினமும் ஓர் உழக்கு (கால் படி) எண்ணெய் தண்டி அங்கே விளக்கேற்றினார்கள் என்பது கதை. சின்ன வயதில் அப்பா இதைச் சொல்லித்தான் எங்களை அந்த மலைக்குக் கூட்டிப் போனார். அவர் திருக்கழுக்குன்றத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று பித்தளை அளவைகள் வரிசையாக ஆணியில் தொங்கும். எண்ணெய் அளந்து ஊற்றிய பிறகு உழக்கைக் கவிழ்த்தபடியே வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் உள்விளிம்பை ஒரு சுற்று வழித்து அந்தச் சொட்டையும் வாங்குபவரின் கிண்ணத்தில் விடுவார். பிறகு விரலைத் தலையில் தடவிக்கொள்வார். அந்த உழக்கு இப்போது என்னிடம் இருக்கிறது.

4ஆம் தேதி சாயங்காலம் மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது. கைபேசியும் அணைந்துவிட்டது. வீட்டில் நல்லெண்ணெய் இருந்தது. சரி, கதையைச் சோதித்துத்தான் பார்ப்போமே என்று அந்த உழக்கால் ஒரே ஓர் அளவு அளந்து வைத்தேன். பழைய வேட்டியைக் கிழித்து மூன்று திரி திரித்தேன், சுண்டுவிரல் கனத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய மண் அகலில் வைத்து, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஜன்னல் திட்டில் ஏற்றினேன். ஆறேகாலுக்கு ஏற்றியது. இரண்டு மணிக்கு ஒருமுறை திரியைத் தூண்டினேன். தூண்டாவிட்டால் முனையில் கரி மொட்டு மாதிரி கட்டி வெளிச்சம் மங்கிவிடுகிறது. அதிகாலை நாலே முக்காலுக்கு மூன்றாவது திரி அணைந்தது. உழக்கு எண்ணெய்க்குப் பத்தரை மணி நேரம். ஓர் இரவு என்றே சொல்லலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு, எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு காலி மைதானம் இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் அம்மா வந்தார். "ராத்திரி உங்க ஜன்னல்ல விளக்கு தெரிஞ்சுது. சரி, ஆள் இருக்காங்கன்னு நாங்களும் ஒண்ணு ஏத்தி வெச்சோம்" என்றார். இருநூறு மீட்டராவது இருக்கும், இடையில் முழுக்கத் தண்ணீர், மழை. அவர் வைத்த விளக்கை நான் பார்க்கவில்லை. அடுத்த நாள் இரவு பார்த்தேன்.

10 டிசம்பர்

அளவு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக உழக்கு என்பது கால் படி. இன்றைய கணக்கில் 336 மில்லி என்று போடுகிறார்கள். ஆனால் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதால் உழக்கும் மாறும். எங்கள் உழக்கில் தண்ணீர் ஊற்றிச் சமையலறை அளவுக் கோப்பையில் பார்த்தேன், கிட்டத்தட்ட அதுவே வந்தது.

அப்புறம் ஒரு மறுயோசனை. நேற்று எழுதியதைப் படித்தால் "கதை நிரூபணமாகிவிட்டது" என்று சொன்னது போல இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. ஓர் உழக்கு எண்ணெய் ஒரு சன்னதி விளக்கை இரவு முழுக்க எரிய வைக்கும், அவ்வளவுதான் தெரிந்தது. மூன்று திரி இருநூறு மீட்டர் போனது. கடலுக்குள் காத தூரம் போக அது போதாது. கண்ணாடிக் கூண்டும் இல்லாமல் கடற்காற்றில் மூன்று திரி ஐந்து நிமிடம் நிற்காது. கொள்ளி அப்படி இல்லை, காற்று அடிக்க அடிக்க ஓங்கி எரியும். பாட்டு ஏன் விளக்கு என்று சொல்லாமல் ஞெகிழி என்று சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

உயரத்தின் கணக்கையும் போட்டுவிடுகிறேன். பூமி வளைந்திருப்பதால், கடல்மட்டத்துக்கு 30 மீட்டர் மேலே எரியும் நெருப்பு நீர்மட்டத்தில் இருப்பவருக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர் வரைதான் தெரியும். கப்பலின் மேல்தட்டில் 3 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு இன்னும் 6 கிலோமீட்டர் கூடும். விண்பொர நிவந்த மாடம் அழகுக்காக மட்டும் சொன்னதில்லை.

17 டிசம்பர், ஞாயிறு இரவு

இன்று போய் வந்தேன். கால் வலிக்கிறது, ஆனால் தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

கீழே மகிஷாசுரமர்த்தினி குகை. ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் வரும் துர்க்கை, எதிர்ச்சுவரில் பள்ளிகொண்ட பெருமாள். அதே பாறையின் தலைமேல் ஒலக்கண்ணேஸ்வரர். பாறையில் வெட்டிய படிகள் நேர்செங்குத்தாக ஏறுகின்றன. இறங்கும்போது பலர் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள், நானும்தான். குகை மலையைக் குடைந்தது, மேலே இருப்பது கல்லை அடுக்கிக் கட்டியது. வழிபாடு இல்லை. வெளிச்சுவரில் ராவணன் கயிலையைத் தூக்கும் சிற்பம் உப்புக்காற்றில் அரித்து, முகங்கள் எல்லாம் மழுங்கி நிற்கிறது. விமானம் இல்லை, மேலே மொட்டையாக இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஆங்கிலேயர் காலத்து வட்டக் கருங்கல் கோபுரம், இன்றும் வேலை செய்யும் கலங்கரை விளக்கம் அதுதான்.

அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் இந்த இழையின் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. "கோயிலின் உச்சியில் பல்லவர்கள் விளக்கேற்றினார்கள்" என்கிறோம். பல்லவர் காலத்தில் அங்கே விமானம் இருந்திருக்குமே! விமானத்தின் உச்சியில் கலசம் வைப்பார்கள், கொள்ளி வைக்க மாட்டார்கள். சிகரம் போன பிறகுதான் அது ஆள் ஏறி நிற்கும் தட்டைக் கூரையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர்கள் இந்தக் கூரைமேல்தான் விளக்குக் கூண்டு வைத்தார்கள். பக்கத்துக் கருங்கல் கோபுரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலைக்கு வந்ததும் கூண்டு அங்கிருந்து போனது. "கோயில் உச்சியில் விளக்கு" என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஆங்கிலேயர் காலத்து நினைவாகத்தான் இருக்க வேண்டும். பல்லவர்களும் இந்தப் பாறைமேல் நெருப்பு வைத்திருந்தால், கோயிலுக்குப் பக்கத்தில் பாறையின்மேல் வைத்திருப்பார்கள். இடம் தாராளமாக இருக்கிறது. மூன்று பக்கம் நிலம், கிழக்கே மறைப்பே இல்லாமல் கடல்.

கீழே பனங்கிழங்கு விற்ற பாட்டியிடம் உழக்கு எண்ணெய்க் கதை தெரியுமா என்று கேட்டேன். "சாமிக்கு ஏது உழக்கு? வீட்டுக்கு ஓர் உழக்கு" என்றார்.

17 டிசம்பர், இன்னும் கொஞ்சம்

தூக்கம் வரவில்லை. பாட்டி சொன்னது கணக்கையே மாற்றுகிறது. ஊரில் நூறு வீடு என்று வைத்துக்கொண்டால் நூறு உழக்கு, அதாவது 25 படி. அது சன்னதி விளக்கு இல்லை. கொப்பரையில் ஊற்றி, துணிச்சுருளைத் திரியாகப் போட்டு எரிக்கும் தீ. திருவண்ணாமலையில் பார்க்கிறோமே, அது போல. காற்றுக்கும் தாங்கும். 10ஆம் தேதி "எண்ணெய் போதாது" என்று நான் எழுதியது ஒரே ஓர் உழக்கை மனதில் வைத்து எழுதியது. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

பெயரின் மூலம் அதுதானா என்பது வேறு விஷயம். கண் என்ற சொல் இருப்பதால் நெற்றிக்கண் நெருப்போடு சேர்த்துப் பொருள் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வழக்கில் ஒரு பெயர் தேய்ந்தால், காதுக்குத் தெரிந்த சொல்லாக ஊர் அதை மாற்றிக்கொள்ளும். ஆனால் எந்தச் சொல்லாக மாற்றிக்கொண்டது என்பதும் ஒரு செய்திதான். இந்த ஊர் எண்ணெய்க் கணக்காக மாற்றிக்கொண்டிருக்கிறது.

19 டிசம்பர்

ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தின் தலையில் விளக்கு வைப்பது ஆங்கிலேயர்களுக்குப் புதிதில்லை என்று காட்டச் சென்னையே போதும். 1796இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த கட்டடத்தின் மாடியில் ஏறியது. அந்தக் கட்டடம் இப்போது கோட்டை அருங்காட்சியகம். 1844இல்தான் தனித் தூண், இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்பது. 1894இல் மறுபடி ஒரு கூரை, உயர் நீதிமன்றத்தின் மாடமே விளக்கானது. மெரினாவில் இருப்பது 1977இலிருந்து. கோட்டை, நீதிமன்றம், கோயில் என்று எது உயரமோ அதன்மேல் வைத்துவிட்டார்கள். ஆகவே கூரைமேல் விளக்கு இருந்தது என்பதை வைத்து, கட்டியதே விளக்குக்காகத்தான் என்று சொல்லிவிட முடியாது.

24 டிசம்பர்

பாரோஸ் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "முசிறியிலிருந்து மிளகு கொண்டுபோன கப்பலுக்கு வழிகாட்டியது பாரோஸ்தான்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது, கி.பி. 2ஆம் நூற்றாண்டு. முசிறிச் சரக்குக்கான கடன் ஒப்பந்தம், ஹெர்மப்போலான் என்ற கப்பல். அதில் வழி தெளிவாக இருக்கிறது. செங்கடல் துறையில் இறக்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் கரையில் உள்ள கோப்டோஸ் போகும். அங்கிருந்து ஆற்றுப் படகில் அலெக்சாந்திரியா, நாலில் ஒரு பங்கு சுங்கம். நம் மிளகு அந்த நகரத்துக்குள் பின்வாசல் வழியாக, ஆற்றோடு வந்தது. ரோமுக்குப் போகக் கப்பலேறி வெளியே போகும்போதுதான் பாரோஸைக் கடந்தது. நம் பாணனைப் போலவே மிளகும் தரைப்பக்கமிருந்து வந்துதான் அதைப் பார்த்தது!

கட்டடம் மூன்று அடுக்கு. கீழே சதுரம், நடுவில் எண்கோணம், மேலே வட்டம். ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் செலவு 800 தாலந்து (அந்தக் காலத்துப் பண அளவு). அதில் பெயர் பொறித்தவர் க்னிடோஸ் ஊரின் சோஸ்திராட்டஸ். அவர் தன் பெயரைக் கல்லில் வெட்டி, மேலே சாந்து பூசி, சாந்தின்மேல் அரசன் பெயரை எழுதினார் என்றும், காலப்போக்கில் சாந்து உதிர்ந்து கல்லின் பெயர் வெளியே வந்தது என்றும் கிரேக்க எழுத்தாளர் லூசியன் ஒரு கதை சொல்கிறார். அரபு எழுத்தாளர்களின் கதைகள் இன்னும் பெரியவை. உச்சியில் ஒரு கண்ணாடி, அதில் தூரத்துப் பகைக் கப்பல்கள் தெரியும். பைசாந்திய மன்னன் அனுப்பிய ஆள் ஒருவன் அடியில் புதையல் இருப்பதாகக் கலீபா வலீதை நம்ப வைத்துப் பாதியை இடிக்கச் செய்தான் என்று அரபு வரலாற்றாசிரியர் அல்-மஸூதி எழுதுகிறார்.

உண்மையில் அதை வீழ்த்தியது நிலநடுக்கம். 1303இல் வந்தது பெரிய அடி. மொராக்கோப் பயணி இப்னு பதூதா 1326இல் போனபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் திரும்பப் போனபோது வாசலுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. 1477இல் சுல்தான் காயித்பே அதே இடத்தில் கோட்டை கட்டத் தொடங்கினார். 1994 முதல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான்-யீவ் எம்பரர் குழு கோட்டைக்கடியில் கடலுக்குள் கல் கல்லாக எண்ணிப் பதிவு செய்தது.

என்னை நிறுத்தியது வேறொன்று. பாரோஸ் எழுந்த காலத்துக் கிரேக்கக் கவிஞர் பொசெய்டிப்போஸே, இரவில் அதன் உச்சியில் பெரிய தீ எரிவதை மாலுமி காண்பான் என்று பாடியிருக்கிறார்.  கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி ஒரு கவலையும் சொல்கிறார்: அணையாமல் எரிவதால் தூரத்திலிருந்து விண்மீன் என்று ஏமாந்துவிடுவார்களாம்.  நம் பாட்டிலும் "இரவின் மாட்டிய" என்று ஐயத்துக்கே இடமில்லாமல் இருக்கிறது. உயரத்திலும் வயதிலும் நாம் போட்டி போட வேண்டாம். இரவில் எரித்ததை, எதை எரித்தார்கள் என்பதோடு சேர்த்து இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பாட்டு நம்மிடம் இருக்கிறது. அதற்காக நெஞ்சை நிமிர்த்தலாம்.

26 டிசம்பர்

இன்று ஆழிப்பேரலை நாள். கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய செங்கல் கலங்கரை விளக்கத்தின் எச்சத்தை 2003இல் நண்பர்களோடு போய்ப் பார்த்தேன். செங்கல் ஒன்றைத் தொட்டபோது மாவு மாதிரி விரலில் ஒட்டியது. அடுத்த ஆண்டு அலை வந்தது. அந்த எச்சமும் விழுந்தது.

மாமல்லபுரத்துக் கடற்கரைக்காரர்கள் அன்று காலை கடல் உள்வாங்கியபோது கற்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஏழு கோயில் கதை உடனே எழுந்தது. 1788இல் அச்சான வில்லியம் சேம்பர்ஸின் குறிப்பிலேயே அது இருக்கிறது. கடலுக்குள் கோயில் உச்சிகள் தெரிந்ததையும், செம்பு வேய்ந்த அந்த உச்சிகள் சூரியன் எழும்போது மின்னியதையும் ஊர்ப் பெரியவர்கள் நினைவு வைத்துச் சொன்னதாக எழுதுகிறார். மாலுமிகள் இந்த ஊரையே ஏழு கோயில் என்றுதான் அழைத்தார்கள். இதுவும் கலங்கரை விளக்கக் கதையின் பகல் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. இரவில் கொள்ளி, காலையில் செம்பு.

31 டிசம்பர்

பட்டினப்பாலையை ஏன் விட்டீர்கள் என்று ஓர் ஆசிரியை கேட்டார். விட்டிருக்கக் கூடாது, நன்றி அம்மா. அதே உருத்திரங்கண்ணனார் பாடியது. "நெடுங்கால் மாடத்து ஒள்ளெரி நோக்கி", பரதவர், திமில், சுடர், எண்ணுவது எல்லாம் அங்கே வருகின்றன. ஆனால் யார் எங்கிருந்து எதை எண்ணுகிறார்கள் என்பதில் உரைகள் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் எடுக்கத் தயங்கினேன்.

தயங்காமல் எடுக்கக்கூடியது அகநானூறு 255, மருதன் இளநாகனார். உலகமே பெயர்ந்து வந்தது போன்ற வங்கம், இரவும் பகலும் நில்லாமல் காற்று தள்ளிக்கொண்டு போக, "நீகான் மாட ஒள்ளெரி மருங்கறிந்து ஒய்ய" என்று வருகிறது. நீகான் என்றால் மாலுமி. மாடத்து நெருப்பை வைத்துத் திசை அறிந்து கப்பலைச் செலுத்துகிறான். பெரும்பாணாற்றுப்படை கரையிலிருந்து பார்த்தது, இது கப்பலிலிருந்து பார்த்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரே இரவின் இரண்டு கரை.

6 ஜனவரி 2024

கடைசியாகச் சிலப்பதிகாரம், ஏனென்றால் நேற்று இரவு அதை மறுபடி படித்துவிட்டு வெகுநேரம் விழித்திருந்தேன்.

கடலாடு காதை. மாதவியும் கோவலனும் பொழுது புலரும் முன் கடற்கரைக்குப் போகிறார்கள். வழியெல்லாம் விளக்குகள். சந்தனமும் பூவும் விற்பவர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவரின் அகல், விலை கூறி விற்கும் பெண்ணின் கடை விளக்கு, மீன் விற்பவர் விளக்கு. அடுத்து "இலங்குநீர் வரைப்பின் கலங்கரை விளக்கமும்". அதற்கடுத்து வலைஞரின் திமில் விளக்கு, பிற மொழி பேசும் நாட்டாரின் அணையாத விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு. அத்தனை வெளிச்சத்தில் மணலில் வெண்கடுகு விழுந்தாலும் கண்டெடுக்கலாம் என்கிறார் இளங்கோ.

இத்தனை ஆண்டில் நான் கவனிக்காதது வரிசை. கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் நிற்பது மீன் விற்பவர் விளக்கு, பின்னால் நிற்பது மீன் பிடிப்பவர் விளக்கு. கரையின் கடைசி விளக்குக்கும் கடலின் முதல் விளக்குக்கும் நடுவில், இரண்டு பக்கத்துக்கும் சொந்தமாக அதை வைத்திருக்கிறார். தனியே உயர்த்தவில்லை, வானம் முட்டியது என்று ஒரு சொல் இல்லை. பிட்டு விற்கிற விளக்கின் வரிசையிலேயே அதுவும் ஒரு விளக்கு.

திருக்கழுக்குன்றத்து மலையில் இருட்டிய பிறகு ஏறினால் கிழக்கே மாமல்லபுரத்து ஒளி வந்து போவது தெரியும். அப்பா கடை சாத்திய பிறகு சில நாள் எங்களைக் கூட்டிப் போவார். ஒளி திரும்ப வருவதற்குள் எத்தனை எண்ண முடிகிறது என்று நானும் தங்கையும் எண்ணுவோம். நான் வேகமாக எண்ணுவேன், அவள் நிதானமாக எண்ணுவாள், இருவருக்கும் ஒருநாளும் ஒரே எண் வந்ததில்லை. பொங்கலுக்கு அவள் ஊருக்கு வருகிறாள். மலை ஏறுவதாக இருக்கிறோம். இந்த முறை கடிகாரம் எடுத்துப் போகிறேன், எத்தனை நொடி என்று வந்து எழுதுகிறேன்.